ரவுண்டு தட்டிய மூன்று தட்டு

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். செஞ்சி கூட்டு ரோட்டில் கரும்புச் சாறு சக்கரத்தைக் கையால் சுற்றியவன். இன்று திருவண்ணாமலை சாலையில் அறுநூறு பேர் உட்காரும் கல்யாண மண்டபத்துக்குச் சொந்தக்காரன். நடுவில் கட்டியதைச் சொல்கிறேன், எண்ணிக்கொள்ளுங்கள். பாத்திர வாடகைக் கடை. பந்தல் கடை. ஊரில் முதல் ஜெனரேட்டர். கடப்பாரை போட்டால் பாறையைத் தவிர வேறெதுவும் கிடைக்காத இந்த ஊரில் மூன்று இடத்தில் போர் போட்டேன், மூன்றிலும் புகைதான் வந்தது. "வேணாங்க, உட்டுடுங்க" என்று போர்வண்டிக்காரனே கும்பிட்டான். நாலாவது இடத்தில் அவன் லுங்கி நனைந்தது. இங்கிலீஷில் கையெழுத்துப் போட நாற்பது வயதில் கற்றுக்கொண்டேன். முதல் மூன்று எழுத்து என் பேர்; மீதி என் தைரியம்.

இவ்வளவும் தனியாளாகக் கட்டியதால் எனக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. என் பேருக்கு மேலே இன்னொருவர் பேர் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. திருவிழா நோட்டீஸில் என்னை இரண்டாவதாகப் போட்டார்கள் என்று அடித்த நோட்டீஸ் அத்தனையையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் உதவும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். குத்துச்சண்டைக்கு வாழ்நாளையே கொடுத்தவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கலாம். ஒரு தடவைகூடக் குத்தாமல் கொடுத்தவர் ஒருவர்தான். அவர் எங்கள் செஞ்சியில் இருக்கிறார். பேர் ரவுண்டு.

அது உடம்பைப் பார்த்து வைத்த பேர் அல்ல. ஆள் குடைக் கம்பி. பெற்றவர்கள் வைத்த பேர் ஏதோ ஒன்று ரேஷன் கார்டில் இருக்கிறது. அது அவருக்கும் ரேஷன் கடைக்காரருக்கும் இடையில் உள்ள ரகசியம். வாலிபத்தில் சென்னை ராயபுரம் பக்கம் மூட்டை தூக்கப் போனார். அங்கே மைதானத்தில் கயிறு கட்டிக் குத்துச்சண்டை நடக்கும். ஒரு நாள் மணி அடிக்கிற ஆள் வரவில்லை. "ஏய் ஒல்லி, இங்க வா, இத அடி" என்று யாரோ கூப்பிட்டார்கள். அன்று பிடித்த மணிக் கயிற்றை அவர் இன்னும் விடவில்லை. பல வருஷம் அடித்தார். மைதானத்தில் ஆட்டம் நின்றுபோனதும் அந்த வெண்கல மணியைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்து, பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பர் ஆனார். பஸ்ஸின் பக்கவாட்டில் அவர் இரண்டு தட்டு தட்டினால்தான் திருவண்ணாமலை வண்டி நகரும்.

குத்துச்சண்டையில் ஒரு ரவுண்டு மூன்று நிமிஷம். பிறகு ஒரு நிமிஷம் மூலையில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வேண்டும். மற்றவர்களுக்கு அது ஆட்டத்தின் விதி. ரவுண்டுக்கு அது உடம்பின் விதி.

என் மண்டபத்தில் பந்தியில் உட்காருவார். மூன்று நிமிஷம் சாம்பார் சாதம். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் கண்ணை மூடிவிடுவார். புதிதாக வந்த பரிமாறுகிறவன் ஆள் சாப்பிட்டு முடித்துவிட்டார் என்று இலையை எடுத்துவிடுவான். கண்ணைத் திறந்தால் இலை இருக்காது. "டேய், இன்னும் ரசம் ரவுண்டு இருக்குதுடா!" என்று கத்துவார். இப்படி நாலு இலை போனபிறகு, அவர் இலைக்குப் பக்கத்தில் ஒரு செம்பைக் கவிழ்த்து வைக்கச் சொன்னேன். செம்பு கவிழ்ந்திருந்தால் ஆள் ஓய்வில் இருக்கிறார் என்று அர்த்தம். இந்த யோசனை என்னுடையது.

ராஜகிரிக் கோட்டை ஏறும்போதும் அப்படித்தான். மூன்று நிமிஷம் ஏறுவார், ஒரு நிமிஷம் உட்காருவார். ஒரு நாள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற வெளியூர்க் குடும்பம் ஒன்று அவரைப் பார்த்து, "பெரியவரே, உச்சிக்கு இன்னும் எவ்ளோ தூரம்?" என்று கேட்டது.

"நாலு ரவுண்டு."

அந்த வீட்டம்மா மலையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். "நாலு ரவுண்டா? மலைய நாலு சுத்து சுத்தணுமா?" என்று கேட்டுவிட்டு அங்கேயே செருப்பைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்தக் குடும்பம் ராஜகிரியைக் கீழே இருந்தே கும்பிட்டுவிட்டுப் போனது. கொண்டுவந்த புளிசாதத்தைக் குரங்குகள் தின்றன.

எல்லாவற்றையும்விட ஊர் மறக்காதது என் மண்டபத்தில் நடந்த பாயசச் சண்டை. மாப்பிள்ளையின் தாய்மாமன் இரண்டாம் தடவை பாயசம் கேட்டார். தீர்ந்துவிட்டது என்றார்கள். அவ்வளவுதான். நாற்காலி பறந்தது. என் நாற்காலி! நான் குறுக்கே போய் நிற்பதற்குள் எங்கிருந்தோ மணிச் சத்தம். ரவுண்டு மேடை மேல் நிற்கிறார்.

"பிரேக்! எல்லாரும் கார்னர்! பொண்ணு வூடு அந்தாண்ட, மாப்ள வூடு இந்தாண்ட! தண்ணி குடுங்கபா!"

அதட்டலில் இரண்டு பக்கமும் போய் உட்கார்ந்துவிட்டார்கள். தண்ணீர் குடித்தார்கள். ஒரு நிமிஷம் கழித்து மறுபடி மணி. "ரவுண்டு ரெண்டு! ஆரம்பிங்க!" ஒருவரும் எழவில்லை. சூடு ஆறிவிட்டது. தாய்மாமன் சிரித்தேவிட்டார். ரவுண்டு அத்தோடு மேடையை விட்டு இறங்கியிருந்தால் அவருக்கு மாலை போட்டிருப்பார்கள். அவருக்குத்தான் ஆட்டம் என்றால் மார்க் போட வேண்டுமே.

"முத ரவுண்டு, பொண்ணு வூட்டுக்குப் பத்து. மாப்ள வூட்டுக்கு ஒம்போது."

"எங்குளுக்கு எப்டிய்யா ஒம்போது?" என்று எழுந்தார் தாய்மாமன். அன்றைக்கு உடைந்த நாற்காலிகளின் கால்களை இன்னும் பின்கட்டில் போட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிப்பட்டவர் வீட்டுக்கு மருமகளாக வந்தாள் செல்வி. அவலூர்பேட்டைப் பெண். ரவுண்டின் மகன் வளைகுடாவில் வேலைக்குப் போய்விட்டான். ரவுண்டின் சம்சாரம் போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷம். ஆக, வீட்டில் மாமனாரும் மருமகளும் ஒரு டிவியும். செல்வி டைலர். முன் அறையில் மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறாள். அவள் தைத்த கை அக்குளில் பிடிக்காது என்று திண்டிவனத்திலிருந்தெல்லாம் துணி வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அமெரிக்காவில் சனிக்கிழமை ராத்திரி நடக்கிற சண்டை நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் வரும். ரவுண்டு குளித்து, திருநீறு பூசி, குத்துச்சண்டை பார்க்க வந்து உட்கார்ந்தால் டிவியில் இரண்டு பேர் கட்டிப்பிடித்துத் தரையில் உருண்டுகொண்டிருக்கிறார்கள். சுற்றிலும் கம்பி வலை. செல்வி காஜா எடுத்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"இன்னாமா இது?"

"எம்.எம்.ஏ. மாமா."

"எம்.எல்.ஏ. தெரியும். இது இன்னா எம்.எம்.ஏ.?"

"குத்தலாம், ஒதைக்கலாம், மல்லுக் கட்டலாம், கழுத்த நெரிக்கலாம். எல்லாம் கலந்த சண்ட."

"சாம்பார்லயே ரசத்த ஊத்தி, மோரையும் ஊத்திப் பெசஞ்சா மாரி."

"கதம்ப சாதம்னு சொல்லுங்க மாமா, நல்லாருக்கும்."

அன்று ஆரம்பித்தது. அடுத்த வீட்டில் இருந்ததால் எனக்கு எல்லாம் கேட்கும். நானாகக் காது கொடுத்ததில்லை, சுவர் மெல்லிசு. அந்தச் சுவர் மட்டும் நான் கட்டியதல்ல.

"கூண்டு எதுக்குமா? கோழி வளக்குறாங்களா? பின்னாடி சீட்டுல குந்திகினு இருக்கிறவனுக்கு ஆளா தெரியும்? கம்பிதான் தெரியும். கயிறு கட்டிப் பாரு, நாலு பக்கமும் தெரியும்."

"கயிறு கட்டுனா உருள்றவங்க வெளிய வந்து உங்க மடியில உழுவாங்க. பரவால்லியா?"

"நின்னு அடிச்சுக்கினா கடைசி வரிசைல இருக்கிற கெழவனுக்கும் புரியும். படுத்துக்கினா எவன் கை எது, எவன் கால் எதுன்னு எவனுக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும் மாமா. கைக்குழி எங்க இருக்குது, எந்தப் பக்கம் மடங்கும், எந்தப் பக்கம் மடங்காதுன்னு டைலருக்குத் தெரியாதா? அந்தப் பச்ச டவுசரு இப்ப அவன் கைய மடங்காத பக்கம் மடக்கப் போறான், பாருங்க." மடக்கினான். "ஒங்க ஆட்டத்துல ரெண்டு பேரு கட்டிப் புடிச்சா ரெஃப்ரீ வந்து பிரிச்சு உட்டுடறாரு. எங்குளுதுல கட்டிப் புடிச்சாதான் ஆட்டமே ஆரம்பம்."

"அதான் சொல்றேன், அது ஆட்டம் இல்ல. உழுந்தவன அடிக்கிறதெல்லாம் ஆட்டமா? எங்க ஆட்டத்துல உழுந்தா பத்து எண்ணுவோம். எந்திரிக்க டைம் குடுப்போம். மரியாத!"

செல்வி நூலைப் பல்லால் கடித்துவிட்டுச் சொன்னாள்: "வூட்டு வேலைல நாங்க அசந்து உழுந்தா யாரு மாமா பத்து எண்றாங்க?"

ரவுண்டு டிவி சத்தத்தைக் கூட்டினார்.  சுவருக்கு இந்தப் பக்கம் என் சம்சாரம் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

இதுவரை விளையாட்டாகத்தான் இருந்தது. மணிதான் கெடுத்தது. மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை ரவுண்டு மணி அடிப்பார். அடித்தால் வீட்டில் எல்லாம் நிற்க வேண்டும். "ஊசி பாதித் துணில நிக்குது மாமா, கார்னர்னா எப்டி?" என்று செல்வி கெஞ்சிப் பார்த்தாள். மகன் வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமைதான் வீடியோவில் கூப்பிடுவான். ஆடி மாசத்து ஞாயிறு ஒன்றில் கூப்பிட்டான். செல்வி என்னவோ சொல்ல ஆரம்பித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் இன்னா சொல்ல வந்தேன்னா..." என்றாள். மூன்று நிமிஷம் ஆகிவிட்டது. டாங்!

"பிரேக்!"

மகன் சிரித்துவிட்டான். லைன் கட்டாகிவிட்டது. செல்வி சிரிக்கவில்லை. மறுநாள் காலை ரவுண்டு மணியை ஆட்டினால் சத்தம் வரவில்லை. உள்ளே நாக்கு இல்லை. மூலையில் ஒரு பெட்டி, துணி அடுக்கித் தயாராக இருந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை அவலூர்பேட்டைக்குப் போகிறேன், மெஷினையும் அடுத்த வாரம் தம்பி வந்து எடுத்துப்போவான் என்று சொல்லிவிட்டாள்.

ரவுண்டு என் மண்டபத்துக்கு வந்தார். இந்த ஊரில் எல்லாரும் என்னை முதலாளி என்பார்கள். தம்பி என்று கூப்பிடுவது அவர் ஒருவர்தான்.

"தம்பி, மருமவ போறாடா."

"ஆடி மாசம் அம்மா வூட்டுக்குப் போறது வழக்கந்தானேண்ணே?"

"கல்யாணம் ஆயி மூணு வருசம் ஆன பொண்ணுக்கு இன்னாடா ஆடி? மெஷினோட போறாடா. ஆடிக்குப் போறவ தையல் மெஷினத் தூக்கிகினா போவா?" நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிஷம் தாண்டியும் அவர் எழவில்லை. "அவ போயிட்டா, அது தப்பு இது தப்புன்னு சொல்றதுக்கு வூட்ல யார்டா இருக்கா? தனியா குந்திகினு மார்க் போட்டு, யார்கிட்ட காட்றது?"

மூன்று போர் புகைந்தும் நாலாவதில் தண்ணீர் வரவைத்தவன் நான். இதற்கு வழி பண்ண மாட்டேனா? அங்கேயே சொன்னேன். ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் காலி. கல்யாணத்துக்காக நான் வாங்கிய பெரிய எல்.இ.டி. திரை சும்மா கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஊரைக் கூப்பிடுவோம். பழைய குத்துச்சண்டை ஒன்று ரவுண்டு போடட்டும். பழைய கூண்டுச் சண்டை ஒன்று செல்வி போடட்டும். எது முடியும்போது அதிக நாற்காலியில் ஆள் இருக்கிறதோ அந்த ஆட்டம் ஜெயித்தது. செல்வி ஜெயித்தால் மணி பரணுக்குப் போகும், அவள் வீட்டில் இருப்பாள். ரவுண்டு ஜெயித்தால் மணி அவர் இஷ்டம், அவள் போவது அவள் இஷ்டம்.

கொல்லைச் சுவருக்கு மேலாகச் செல்வியிடமும் சொன்னேன். "நீங்கதான் ரெஃப்ரீயா, சித்தப்பா?" என்று கேட்டாள். "வேற யாரு?" என்றேன். "அப்ப ஒழுங்கா எண்ணுங்க" என்றாள்.

ரவுண்டு ஜெயித்தால் ரவுண்டுக்குத்தான் நஷ்டம் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை. ஆட்டம் என்று சொன்னதும் அவர் கண்ணில் பழைய ராயபுரம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பாதி செஞ்சி என் மண்டபத்தில் இருந்தது. தளவானூரிலிருந்து டிராக்டரில் வந்தார்கள். பிளவுஸ் கொடுத்த பெண்கள் எல்லாம் ஒரே வரிசை. பஸ் கண்டக்டர்கள் ஒரு வரிசை. செல்வி பெட்டியோடுதான் வந்திருந்தாள். ஆட்டம் முடிந்து நேரே பஸ் ஏறுவதாக ஏற்பாடு.

முதலில் குத்துச்சண்டை. நாக்கில்லாத மணியைச் சமையல்கட்டுக் கரண்டியால் அடித்து ஆரம்பித்தார் ரவுண்டு. பன்னிரண்டு ரவுண்டு ஆட்டம். சிவப்பு டவுசர் ஒருத்தன், வெள்ளை டவுசர் ஒருத்தன். முதல் மூன்று ரவுண்டு இருவரும் ஒருத்தரை ஒருத்தர் சுற்றிச்சுற்றி வந்தார்கள். "இன்னாபா, கோயில் பிரகாரமா சுத்துறாங்க?" என்றார் ஒரு கண்டக்டர். "கால பாருங்கடா, கால பாருங்க! கை பொய் சொல்லும், கால் சொல்லாது!" என்று மைக்கில் கத்தினார் ரவுண்டு. ஆறாவது ரவுண்டில் பாதிப் பேர் டீ குடிக்கப் போய்விட்டார்கள். மூன்று பேர் தூங்கிவிட்டார்கள்.

பத்தாவது ரவுண்டில் வெள்ளை டவுசர் விட்ட ஒரு குத்தில் சிவப்பு டவுசர் மடிந்து விழுந்தான். ரவுண்டு எழுந்து நின்றார். கையை நீட்டினார். "ஒண்ணு!" என்றார். "ரெண்டு!" மூன்றிலிருந்து மண்டபமே எண்ணியது. டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு ஓடி வந்தார்கள். "ஆறு! ஏழு!" விழுந்தவன் முட்டி போட்டான். "எட்டு!" ஒரு கிழவர், "எந்திர்றா கண்ணு!" என்று திரையைப் பார்த்துக் கத்தினார். "ஒம்போ..." எழுந்துவிட்டான்! என் மண்டபத்தில் எத்தனையோ தாலி கட்டியிருக்கிறார்கள். எந்தக் கெட்டிமேளத்துக்கும் அப்படிச் சத்தம் எழுந்ததில்லை. செல்விகூடக் கை தட்டினாள், நான் பார்த்தேன்.

ஆனால் கடைசியில் மூன்று ஜட்ஜ் மார்க் போட்டு, இரண்டு பேர் வெள்ளைக்கு, ஒருவர் சிவப்புக்கு என்றதும் ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. "இம்மா நேரம் அடிச்சுக்கினு கடசில பரீட்ச பேப்பரா திருத்துறாங்க?" என்றார் தாய்மாமன். ஆமாம், பாயசத் தாய்மாமன்தான். அவருக்கு ஒன்பது மார்க் காயம் ஆறவில்லை.

நான் எண்ணினேன். நூற்று நாற்பத்து மூன்று நாற்காலி. "தூங்குறவங்களும் கணக்கா?" என்று செல்வி கேட்டாள். நாற்காலியில் இருப்பவர் எல்லாம் ரசிகர்தான் என்று தீர்ப்புச் சொன்னேன். என் தீர்ப்பை நான் மாற்றுவதில்லை.

அடுத்து கூண்டு. ஆரம்பித்த அரை நிமிஷத்தில் ஒருத்தன் விட்ட உதை இன்னொருத்தன் காதோரம் போக, மண்டபம் "ஐயோ!" என்றது. தூங்கியவர்கள் மூவரும் அந்தச் சத்தத்தில் விழித்து, கடிகாரத்தைப் பார்த்து, சாப்பாட்டு நேரம் என்று வீட்டுக்குப் போனார்கள். பிறகு இருவரும் தரையில் படுத்துவிட்டார்கள். கூண்டில் ஒரு ரவுண்டு ஐந்து நிமிஷம். மூன்றாவது நிமிஷம் ரவுண்டின் கை தானாகக் கரண்டிக்குப் போனது. "மனுசன் மூச்சே மூணு நிமிசந்தான்மா!" என்று புலம்பினார்.

"எழுந்திரிங்கப்பா, விடிஞ்சிடுச்சு!" என்று கண்டக்டர் வரிசை சிரித்தது. செல்வி பிளவுஸ் துணி ஒன்றை எடுத்துக்கொண்டு மேடை ஏறினாள். "இந்தக் கைய பாருங்க. தச்சது இப்டி. நேரா இழுத்தா ஒண்ணும் ஆவாது. இப்டித் திருகி இழுத்தா?" தையல் பிரிகிற சத்தம் மைக்கில் கேட்டது. பெண்கள் வரிசை மொத்தமும் தோளைப் பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் ஒருத்தரும் சிரிக்கவில்லை. தரையில் நடப்பது எல்லாருக்கும் தையலாகத் தெரிந்துவிட்டது. "அக்குள் பிரியப் போவுதுடி!" என்று ஒரு அம்மா அலறினார். கீழே இருந்தவன் மேலே இருந்தவன் கையைப் பிடித்து மடக்கிவிட்டான். மேலே இருந்தவன் கீழே இருந்தவனின் தொடையில் படபடவென்று மூன்று தட்டு தட்டினான். ஆட்டம் நின்றுவிட்டது.

ரவுண்டு துள்ளி எழுந்து மைக்கைப் பிடுங்கினார். முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களாயா! நல்லா ஆடுனடான்னு எதிராளிய தட்டிக் குடுக்குறான்! இதான் மரியாத! செல்வி, ஒன் ஆட்டத்துலயும் மரியாத இருக்குதுமா, நாந்தான் தப்பா பேசிட்டேன்!" மண்டபம் கை தட்டியது.

"மாமா," என்றாள் செல்வி. "அது தட்டிக் குடுக்குறது இல்ல. தோத்துட்டேன், உட்டுடுன்னு தட்றது."

ரவுண்டு மைக்கை இறக்கினார். "உழாமலே தோக்கலாமா?"

"தோக்கலாம். வலிக்குது, போதும்னு தட்டலாம். தட்டுனவன யாரும் கேவலமா பாக்க மாட்டாங்க. தட்னதும் உடலன்னாதான் தப்பு."

"எங்க ஆட்டத்துல தோத்துட்டோம்னு ஆடுறவன் சொல்ல மாட்டாம்மா. கார்னர்ல இருக்கிற அவன் ஆளுதான் போதும்னு துண்டத் தூக்கி உள்ள போடுவான்."

"தெரியும் மாமா. மூணு வருசமா பாக்குறேனே."

நான் எண்ணினேன். இரண்டு தடவை எண்ணினேன். நூற்று நாற்பது. சாப்பிடப் போன அந்த மூன்று தூங்குமூஞ்சிகள்தான் வித்தியாசம். குத்துச்சண்டை ஜெயித்தது. கண்டக்டர்கள் விசில் அடித்தார்கள். ரவுண்டைத் தூக்கித் தோளில் வைத்தார்கள். அந்த உயரத்திலிருந்து அவர் பார்த்தார்: செல்வி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

"எறக்குங்கடா."

இறங்கினார். நடந்தார். நான் பின்னாலேயே போனேன், ரெஃப்ரீ அல்லவா. வாசல் படியில் செல்வி பெட்டியைக் கீழே வைத்துச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் மருமகளைத் தொட்டுப் பேசுகிற வழக்கம் இல்லை. ரவுண்டு குனிந்தார். பெட்டியின் மேல் உள்ளங்கையால் தட்டினார்.

"இன்னாபா, பஸ்ஸுக்கு ரைட் குடுக்குறா மாரி மருமவள அனுப்புறாரு!" என்றது கண்டக்டர் வரிசை.

பஸ்ஸுக்கு இரண்டு தட்டு. இவர் மூன்று தட்டினார். எண்ணியது செல்வியும் நானும்தான்.

செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். "இது எந்த ஆட்டத்துத் தட்டு மாமா?"

"ஒன் ஆட்டத்துதுதாம்மா," என்றார் ரவுண்டு. "வலிக்குது. போதும்."

 செல்வி பெட்டியைத் திறந்து, துணிகளுக்கு அடியில் கைவிட்டு, நூல் சுற்றிய ஒரு பொருளை எடுத்து அவர் கையில் வைத்தாள். மணியின் நாக்கு. அவலூர்பேட்டைக்குக் கூடவே கொண்டுபோக இருந்திருக்கிறாள்!

"அவரு ஃபோன்ல பேசுறப்ப அடிக்கக் கூடாது."

"அடிக்க மாட்டேன்."

"மெஷின் ஓடுறப்பவும்."

"அது... அஞ்சு நிமிசத்துக்கு ஒரு தபா?"

"மாமா!"

"சரிமா, சரிமா."

இப்போது கல்யாணம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் என் மண்டபத்தில் இரண்டு சண்டையும் நடக்கிறது. குத்துச்சண்டைக்குச் செல்வி மார்க் போடுகிறாள், கூண்டுச் சண்டைக்கு ரவுண்டு மைக் பிடிக்கிறார். கை மடங்குவதற்கு முன்னாலேயே "கைக்குழி போச்சு, கைக்குழி போச்சு!" என்று கத்துகிறார். ஐந்து நிமிஷ ரவுண்டுக்குப் பழகிவிட்டார். இப்போதெல்லாம் பந்தியில் ஐந்து நிமிஷம் நிறுத்தாமல் சாப்பிடுகிறார். எனக்கு அரிசிதான் கூட ஆகிறது.

ஆனால் ஒரு அநியாயம் நடந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். மண்டப வாசலில் அவர்கள் ஒரு போர்டு மாட்டியிருக்கிறார்கள். 'ஞாயிறு சண்டை. மணி: ரவுண்டு. விளக்கம்: செல்வி.' அவ்வளவுதான். மண்டபம் யாருடையது? திரை யாருடையது? கரண்டி யாருடையது? இரண்டுக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் கண்ட ரெஃப்ரீ யார்? ஊரே பஸ்ஸுக்கு ரைட் என்று நினைத்தபோது, வாயைத் திறக்காமல் ஒதுங்கி நின்றவன் யார்? அதுவும் ஒரு வேலைதான், நான் செய்ததிலேயே கஷ்டமான வேலை. போர்டைத் திருத்தி எழுதியே ஆக வேண்டும். என் பேர் வந்தாக வேண்டும். பெயிண்டரை வரச் சொல்லிவிட்டேன்.

எங்கே எழுதட்டும் என்று பெயிண்டர் கேட்டான். மேலே இடம் இருக்கிறது, தாராளமாகவே இருக்கிறது. இருக்கட்டும். ரவுண்டண்ணன் பேருக்குக் கீழேயே எழுதச் சொல்லிவிட்டேன்.